ஆளுக்கு ஒரு வரி

“ஏன்டி, இப்பல்லாம் ஸ்கூலுக்கு வர்றதில்ல?” என்று எமிலி டீச்சர் ஒருமுறை தெருவில் நிறுத்திக் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. படிப்பை நிறுத்தியவர்களை மறுபடி பள்ளியில் சேர்க்க ஒரு கணக்கெடுப்பு. கம்ப்யூட்டரில் இருக்கும் அந்த அட்டவணையில் ஒரு வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடைந்து கிடக்கும். அவற்றைப் பிரித்து ஆளுக்கு ஒரு வரியில் வைக்க வேண்டும். நேற்று எங்கள் வீடு வந்தது. தம்பிக்கு ஒரு வரி, தங்கைக்கு ஒரு வரி, எனக்கு ஒரு வரி. என் பெயருக்கு எதிரே மட்டும் பள்ளியின் பெயர் இல்லை. பட்டியலைச் சேமிக்கும் பட்டனை அழுத்தியதும் என் வரியைக் காணோம்.

“ஸ்கூல் பேரு கட்டம் காலியா இருந்தா அந்த வரி தானா போயிரும். அப்படித்தான் செட் பண்ணிருக்கேன்,” என்றார் சென்டர் நடத்தும் மகிமை அக்கா.

“அக்கா, ஸ்கூலுக்குப் போகாதவங்களுக்குக் காலியாத்தானே இருக்கும்?”

“எட்டாங்கிளாசோட நின்னவ எனக்குச் சொல்லித் தர்றியா? காலி இல்லாத லிஸ்ட்டுதான் கேட்டிருக்காங்க.”

இன்று எமிலி டீச்சர் பட்டியலை வாங்க வந்தார். “நம்ம ஊர்ல படிப்ப நிறுத்தினவங்க ஒருத்தர்கூட இல்லையா? ரொம்ப சந்தோஷம்,” என்று நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.