அக்கா வாங்கித் தந்த கம்ப்யூட்டர்

“வெலயப் பத்தி நீ ஏன்டா கவலப்படற? எது வேணுமோ அத மட்டும் சொல்லு” என்று ஆட்டோவுக்குள் தலையை நீட்டிச் சொன்னாள் கலையரசி.

பகலவனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. ஒரு ஜோடி செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் அவன் அக்கா. இன்றைக்கு லேப் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சங்கராபுரத்திலிருந்து ஆட்டோ பேசி அவனைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்து வந்திருந்தாள்.

கம்ப்யூட்டர் கடை சேலம் ரோட்டில், மாடியில் இருந்தது. பகலவனால் படி ஏற முடியாது. எட்டாவது படிக்கும்போது கால் தசைகள் சோர ஆரம்பித்து, இப்போது சக்கர நாற்காலிதான். செத்துப்போன தாய்மாமனுக்கும் இதே நோய். ‘என் தம்பிக்கு வந்தது என் புள்ளைக்கும் வந்துடுச்சே’ என்று அம்மா செவ்வந்தி அழாத நாளில்லை.

அதனால் அவன் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தான். கலையரசி ஒவ்வொரு டப்பாவாகக் கீழே தூக்கி வந்து காட்டினாள். கடைக்காரர் ஜானும் பின்னாலேயே இறங்கி வந்தார்.

“பிராசஸர் போன வருஷ மாடலே போதும்ணா. அதுல மிச்சம் புடிக்கறத கிராபிக்ஸ் கார்டுல போட்டுடலாம். கேம் நல்லா ஓடறது அதாலதான்” என்றான் பகலவன். “லைட்டு மின்னற கேபினெட்லாம் வேணாம்.”

“பவர் சப்ளை? அதையும் கம்மில பாத்துடலாமா?” ஜான் சோதிப்பதுபோல் கேட்டார்.

“ஐயய்யோ, அதுல மட்டும் கை வைக்கக் கூடாது. மட்டமானத போட்டா ஒரு நாளு பொகஞ்சி, எல்லாத்தையும் சேத்து இழுத்துக்கினு பூடும்.”

ஜான் சிரித்துவிட்டார். “மேடம், தம்பிகிட்ட கடைய உட்டுட்டு நான் வூட்டுக்குப் போறேன்.”

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, மனசுக்குள்ளேயே எத்தனையோ தடவை கழற்றி மாட்டிய கம்ப்யூட்டர் அது. இன்று ஒவ்வொரு டப்பாவாக அவன் மடியில் வந்து உட்கார்ந்தது. ஏறி இறங்கி அக்காவின் ரவிக்கை வியர்வையில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

கடைசியில் ஹெட்செட். பழைய இயர்ஃபோனே போதும் என்றான் அவன். அக்கா விடவில்லை.

“காத முழுசா மூடற மாதிரி பெருசா ஒண்ணு குடுங்க. மாட்டுனா வெளிய பேசறது ஒண்ணும் வுழக் கூடாது” என்றாள் ஜானிடம்.

“அந்தக் காசுக்கு இன்னொரு ரேம் போடலாங்க்கா.”

“சொன்னா கேளுடா!” சுள்ளென்று வந்தது குரல். உடனே அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டுச் சிரித்தாள். “சனிக்கெழமையே வூட்டுக்கு வந்து மாட்டிக் குடுத்துடுங்க சார். ஞாயித்துக்கெழம தம்பி ஆடணும்.”

திரும்பி வரும் வழியில் பகலவன் கேட்டான். “இன்னாக்கா திடீர்னு?”

“நாள் பூரா செவுத்தப் பாத்துக்கினு உக்காந்துக்கினு இருக்கற. மனசு கேக்கல.”

“பாத்துக்கினே இரு. நான் ஆடறத வீடியோ போட்டு சம்பாதிச்சி, உன் கல்யாணத்துக்கு நானே சீர் செய்யறேன்.”

கலையரசி முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டோரக் கரும்பு வயல்களைப் பார்த்தாள்.

சொன்னபடியே சனிக்கிழமை ஜான் வந்தார். கூடத்தில்தான் காற்று வரும் என்றான் பகலவன். தூசி படியும் என்று அக்கா பின்னறையில் மேசை போட வைத்தாள். எல்லாவற்றையும் அவன் தன் கையாலேயே மாட்டினான். திரையில் வெளிச்சம் வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவள் மெல்லக் கையை உருவிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே வந்து ஹெட்செட்டை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பகலவன் உலகை மறந்தான். திரையில் மலைச்சாலை, அதில் அவன் கார். வளைவுக்கு வளைவு ஒவ்வொருத்தனாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு பறந்தான். எழுந்து நடக்க முடியாதவன் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை.

பந்தயத்தில் ஜெயித்ததும் அக்காவிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது. ஹெட்செட்டைக் கழற்றினான்.

கூடத்தில் ஏகப்பட்ட குரல்கள். யாரோ பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். கேசரி வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது.

நாற்காலியை உருட்டிப் போய் அவன் கதவைத் திறக்கவும், அக்கா வேகமாக உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. கதவைச் சாத்தி முதுகால் அழுத்திக்கொண்டு நின்றாள்.

“யாருக்கா வந்துக்கிறாங்க?”

“ரிஷிவந்தியத்துலேர்ந்து. என்னப் பொண்ணு பாக்க.”

பகலவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ! தோ, சட்டய மாத்திக்கினு வந்துடறேன். மாமாகிட்ட நான்தான் மொதல்ல பேசுவேன்.”

“வேணான்டா. நீ ஆடிக்கினு இரு. அவங்க போனதும் வந்து கூட்டிக்கினு போறேன்.”

“நல்லா இருக்குதே! இருக்கறது ஒரே தம்பி, நான் வரலன்னா அவங்க இன்னாக்கா நெனப்பாங்க?”

கலையரசி குனிந்து, சக்கரத்தின் பிரேக்கைப் போட்டாள். அவன் முகத்தைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னாள்.

“எனக்குத் தம்பியே இல்லன்னு சொல்லிட்டோம்டா.”