அம்மாவின் முழங்கால்

“அம்மா வராம தீம் பார்க் போறதா? நடக்கவே நடக்காது!” மகன் ஒற்றைக் காலில் நின்றான்.

“முட்டியை மடக்கவே முடியலைப்பா. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டு வா,” என்று கட்டிலில் சாய்ந்தபடியே சொன்னாள் அம்மா.

“சக்கர நாற்காலிக்குச் சொல்லி வச்சுட்டேன்மா. நீ எதுலயும் ஏற வேண்டாம். நிழல்ல உக்காந்து வேடிக்கை பாத்தா போதும்.”

“அத்தையைப் படுத்தாதீங்க. நான் கூட இருந்து பாத்துக்கறேன்,” என்றாள் மருமகள்.

“எங்கம்மா வர்றது உனக்குப் பிடிக்கலை. அதைச் சொல்லு!”

“அவளை ஏண்டா கரிச்சுக் கொட்டறே?” என்று சீறிய அம்மா, உடனே முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

மகனுக்கு மனசு இளகிவிட்டது. தைலம் தேய்த்துவிடும்படி மனைவியிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் காரில் ஏற்றினான். தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனான். நல்ல பிள்ளை, பாவம்.

கார் சத்தம் அடங்கியதும் அம்மா கட்டிலை விட்டுத் துள்ளி இறங்கினாள்.

“கிளம்புடி, பஸ் வந்துடும்!”

“இருங்க அத்தை, ஷூ மாட்டிக்கறேன். நாம போறது வேற பார்க், அங்க ராட்டினம் தலைகீழாச் சுத்துமாம். பயமில்லையே?”

“எனக்கென்ன பயம்? அவன்கூடப் போனா என்னை ஏற விடுவானா? ஒவ்வொரு தடவையும் நீயும் நானும் மரத்தடியில பைகளுக்குக் காவல் இருந்ததுதான் மிச்சம். இன்னைக்கு முன் சீட்டு எனக்கு. நீ பயந்தா என் கையைப் பிடிச்சுக்கோ!”