பெரிய பேசின்

பேசின் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

கிரானைட்டை வெட்டி ஓட்டையைப் பெரிதாக்கிய ஆட்கள் இப்போதுதான் போனார்கள். குளியலறை முழுக்கக் கல் தூசி. கூடவே நின்று வேலையைப் பார்த்த அவன் தலையிலும் புருவத்திலும் அதே தூசிதான்.

இவ்வளவு அகலத்தில் ஒரு வாஷ்பேசின் இந்தக் குடியிருப்பில் வேறு யார் வீட்டிலும் இருக்காது. அப்பாவுக்காகத்தான் என்று கடைக்காரரிடம் சொன்னான். அலுவலகத்திலும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே தன்னைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

அப்பாவுக்குக் கை நடுக்கம். தினமும் காலையில் பேசினைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்கும். கீழே இருக்கும் அலமாரிக் கதவுகள் ஊறி உப்பிப்போய் மூட மாட்டேன் என்றன.

போன மாதம் ஒருநாள் கத்திவிட்டான்.

"இதென்ன தோட்டத்துப் பம்புசெட்டா, இப்படித் தண்ணிய வாரி இறைக்கறீங்க?"

சமையலறையிலிருந்து மனைவி நளினிகூட எட்டிப் பார்த்தாள்.

அப்பா வாயைத் துடைக்காமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகும் ஈரம் நின்றபாடில்லை. மனுஷன் திருந்த மாட்டார், பேசினையாவது மாற்றித் தொலைப்போம் என்று முடிவு செய்தான்.

"அப்பா, வந்து பாருங்க."

அப்பா வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்று பார்த்தார்.

"நல்லாருக்குது கண்ணு. நீயும் நளினியும் பொழங்கறதுக்குத் தோதா இருக்கும்."

"உங்களுக்குத்தானுங்கப்பா வாங்குனது."

அவர் தயங்கினார்.

"நான் கீழ வாட்ச்மேன் குழாய்லயே பல்லு வெளக்கிக்கறேன். அன்னைக்கு நீ சொன்னதுல இருந்து அங்கதான்."

குரலில் குறை எதுவும் இல்லை.

அவன் திரும்பிக் குழாயைத் திறந்தான். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தான். தூசி போகும்வரை அடித்தான், தினமும் காலையில் ஷேவ் செய்துவிட்டு அடிப்பதைப் போலவே.

நிமிர்ந்தான்.

கிரானைட் முழுக்கத் தண்ணீர். விளிம்பில் வழிந்து, அலமாரிக் கதவில் இறங்கி, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

முன்பு சிந்தியது யாரோ தெரியாது. இந்த ஒரு மாதமாய் அவன்தான்.



கண்ணாடியில் அப்பா தெரிந்தார். அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல் தூசியைக் கூட்ட நளினி துடைப்பத்தோடு வந்தாள். தரையைப் பார்த்தாள். அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை.

"புதுசுலயுமா மாமா?" என்று மாமனாரைக் கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான்.

"நாந்தான் அம்மிணி," என்றார் அப்பா. "கை நடுங்கிருச்சு."

அவள் மாப் எடுக்கப் போனாள். இப்போதும் அவன் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

கொக்கியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.