காது குத்தாதவள்

“மறுபடியும் எதுக்கும்மா போட்டோ? நேத்துதான வந்து எடுத்த?” என்றார் ஸ்டுடியோ கோவிந்தராசு.

சண்முகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று அவள் விருத்தாசலத்திலேயே இல்லை. டிகிரி சர்டிபிகேட் வாங்கச் சிதம்பரம் போய், பொழுதுக்கும் வரிசையில் நின்று காய்ந்துவிட்டு வந்தாள்.

இந்த மனுஷனுக்கு ஆள் மாறிப்போவது புதுசா என்ன? போன முகூர்த்தத்தில் ஒரு மாப்பிள்ளையின் ஆல்பத்தை இன்னொரு மாப்பிள்ளைக்குக் கொடுத்து அடி வாங்கப் பார்த்தவர்.

“வேற யாரையோ பாத்திருப்பீங்கண்ணா. சீக்கிரம் எடுத்துக் குடுங்க. அஞ்சு மணிக்கு கொரியர்காரன் மூட்டையக் கட்டிடுவான்.”

அவசரம் அப்படி. சென்னையில் எம்.ஏ. மாஸ் கம்யூனிகேஷன் சேர நாளைதான் கடைசி நாள். கேமரா, எடிட்டிங், டி.வி. என்று காலேஜ் நாளெல்லாம் அவள் உருகிக் கிடந்தது இதற்குத்தான். ‘வூட்டுல ஒண்டியா நான் என்னாத்தப் பண்ணுவேன்’ என்று மூக்கைச் சிந்திய அம்மாவைக் கெஞ்சி, கொஞ்சி, ரெண்டு வேளை பட்டினி கிடந்து அப்ளிகேஷனில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. ஒட்டுவதற்கு ஒரு போட்டோதான் பாக்கி.

கோவிந்தராசு டிராயரைத் திறந்து ஒரு சின்னக் கவரை எடுத்து முன்னால் வைத்தார்.

எட்டு காப்பி. எட்டிலும் அவள்.

அதே நெற்றி. அதே மூக்கு. இடது பக்கம் லேசாக இழுத்த அதே உதடு. அட, இது எப்போது எடுத்தது என்று குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுடிதார் அவளுடையது இல்லை. மாம்பழ மஞ்சள், கழுத்தில் பச்சை பார்டர்.

காதில் தோடு இல்லை. தோடு கழற்றின காதென்றால் ஓட்டையாவது தெரியும். அதுவும் இல்லை. காது குத்தாத பொம்பளையை இந்த ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்?

பிரியாவும் பார்த்ததில்லை. ஆனால் யாரென்று தெரிந்துவிட்டது.

அவளோடு ஒரே பிரசவத்தில் பிறந்தவள் பிரபா. காது குத்தத் தேதி குறித்திருந்த வாரத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். செத்துப்போன பெண்பிள்ளையைப் பூவாடைக்காரியாக வைத்துக் கும்பிடுகிற குடும்பம். தை பிறந்தால் அவளுக்குப் புதுத்துணி படைக்க வேண்டும். மற்ற வீடுகளில் வருஷா வருஷம் அதே சின்னப் பாவாடைதான். அம்மாவோ அளவைக் கூட்டிக்கொண்டே வந்தாள். கவுன் போய்ப் பாவாடை சட்டை வந்தது, அப்புறம் தாவணி வந்தது. கேலி பேசினவர்களிடம் ‘ஏன், எம் புள்ள வளர மாட்டாளா?’ என்று சண்டைக்கே போனாள். இந்தத் தைக்கு மாம்பழ மஞ்சளில் ஒரு சுடிதார் எடுத்துப் படைத்து, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

“நேத்து ஒனக்கு என்னாம்மா ஆச்சு?” என்றார் கோவிந்தராசு. “சிரிம்மான்னா, எப்படின்னு கேக்குற.”

பிரியா கவரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

பாலக்கரையில் பூ கட்டிக்கொண்டிருந்த ராஜாம்பாள் தலையைத் தூக்கினாள். “என்னாடி இது, இப்பத்தான வூட்டுப் பக்கம் போன? எந்த வழியா வந்து மறுபடியும் ஓடுற?”

நல்ல வெயில். பிரியாவுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப்போனது.

வீட்டில் யாரும் இல்லை. டிரங்குப் பெட்டி பூட்டியபடி இருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் திறந்தாள். மடித்து வைத்த சுடிதார் மடிப்புக் கலையாமல்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். கக்கத்தில் வேர்வை ஈரம்.

அந்த நேரம் பார்த்து அம்மா அம்சவல்லி செராமிக் கம்பெனியிலிருந்து வந்தாள். கரண்டு ப்யூஸ் கட்டைகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மண் பிசிறை வழித்தெடுக்கிற வேலை. முழங்கை வரைக்கும் வெள்ளை மண். கழுவக்கூட இல்லை, மகள் நீட்டிய கவரை அப்படியே வாங்கிக்கொண்டாள்.

கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள், பூசாரியைக் கூட்டிவரச் சொல்வாள் என்றுதான் பிரியா நினைத்தாள்.

அம்மா ஒரு போட்டோவைக் கண்ணுக்கு வெகு கிட்டே கொண்டுபோனாள். அந்த வெறுங்காதைக் கட்டைவிரலால் தடவினாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“துணி சரியா இருக்குதுடி அவளுக்கு!”

சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். பானையிலிருந்து ரெண்டு பருக்கை எடுத்து நசுக்கி, போட்டோவின் முதுகில் தடவி, அப்ளிகேஷனில் அதற்கென்று விட்டிருந்த கட்டத்தில் ஒட்டி அழுத்தினாள். ஓரத்தில் அவள் கைமண் அப்பிக்கொண்டது.

“அம்மா! அது என் சீட்டும்மா!”

“இருக்கட்டுமே. ஸ்கூலு, காலேஜின்னு நீ எல்லாத்தையும் பாத்துட்ட. அவளாப் போயி போட்டோ புடிச்சிக் கேக்குறது இது ஒண்ணுதான. போயிட்டு வரட்டும்.”

“அப்ப நானு?”

அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துத் தலையைக் கோதிவிட்டாள். எப்போதும் கோதுகிற மாதிரியேதான் கோதினாள்.

“நீ வூட்டுலயே இருடி, கண்ணு. இத்தினி வருஷமா அவ இருந்தா. ஒரு வார்த்த சொன்னாளா?”