நாலு வாங்கினால் ஒன்று

"அரைக் கிலோ முந்திரியா? லாட்டரி ஏதாவது அடிச்சுதா, சொல்லவே இல்லையே!"

நான் தள்ளுவண்டியில் போட்ட பாக்கெட்டை எடுத்து, அலமாரியிலேயே திருப்பி வைத்தாள் என் மனைவி. பேரீச்சை எடுத்தேன், முறைத்தாள். நல்ல திராட்சையாக எடுத்தேன், பிடுங்கி வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அரிசிக்கு ஒரு கடை, எண்ணெய்க்கு ஒரு கடை என்று விலை பார்த்து அலைந்தவள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு நாளாவது விலையைப் பார்க்காம வாங்கித் தொலையேன்டி!"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சோப்பு வரிசைக்குப் போனாள். அவள் போடும் சோப்புக்கு 'நாலு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அவள் ஒன்றே ஒன்றை எடுத்தாள்.

"நாலா எடு. இலவசத்தை விட்டா உனக்குத் தூக்கம் வராதே?"

"இந்த வாசனை உங்களுக்குப் பிடிக்காது. நான் மட்டும்தானே போடுறேன்? எனக்கு ஒண்ணு போதும். மீதி வீணாப் போயிடும்."

நான் வண்டியை அங்கேயே நிறுத்தினேன். அவள் இன்னும் ரெண்டு மாதம் தாங்கினாலே அதிகம் என்று டாக்டர் நேற்று என்னிடம் மட்டும்தான் சொன்னார். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் சொன்னார்.

"நேத்து டாக்டர் ரூம் கதவை நீங்க சரியாச் சாத்தலைங்க," என்றாள்.

பிறகு திரும்பி நடந்து போய், அந்த முந்திரிப் பாக்கெட்டை அவளே கொண்டுவந்து வண்டியில் வைத்தாள்.

"இது இருக்கட்டும். மிச்சமானா நீங்க சாப்பிடுவீங்க."