ஒரு புள்ளி குறையுது

“இந்தத் தடவையும் ரெண்டு எடத்துல புள்ளி இல்லையாம்மா. பெங்களூர்க்காரன் போன்ல வறுத்தெடுக்கிறான். கண்ணை எங்க வச்சுக்கிட்டு வேலை பாக்கறீங்க?”

கம்ப்யூட்டர் சென்டர் வெங்கடாசலம் சார் இப்படி நாலு பேர் முன்னால் கேட்டதும் அஸ்கரிக்கு முகம் செத்துவிட்டது.

எண்பத்தொன்பதில் தர்மபுரிக்குக் கம்ப்யூட்டர் என்பதே புதுச் சாமான். அதை வைத்து இவர்களுக்குக் கிடைத்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். திரையில் ஜன்னல் ஜன்னலாய்த் திறக்கிற ஒரு புரோகிராமை பெங்களூர் கம்பெனி எழுதிக்கொண்டிருந்தது. மெஷினுக்கான கட்டளைகளுக்கு நடுவே, எந்த வரி எதற்கு என்று மனுஷர் படிக்க இங்கிலீஷில் விளக்கம் இருக்கும். எழுதின மகராசன்கள் கமாவும் போடுவதில்லை, முற்றுப்புள்ளியும் வைப்பதில்லை. கட்டளையைத் தொடாமல் விளக்கத்தை மட்டும் ஒழுங்கு பண்ணுவது அஸ்கரியின் வேலை.

முடிந்த ஃப்ளாப்பியை வெங்கடாசலம் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். தப்பு இல்லையென்றால் அத்தோடு சரி. இருந்தால் கம்பெனி ஆளே நேரில் வந்து, கூடவே உட்கார்ந்து, திருத்தி வாங்கிப் போவான்.

அந்த ஆள் வேறு யாருமில்லை, அஸ்கரியின் புருஷன் நூர் பாஷா.

நிக்காஹ் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் பெங்களூரில் சித்தப்பா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் தின்ற சோற்றுக்கு அவர் கடையில் உழைக்கணும். அவள் பாலக்கோட்டில் மாமியாரோடு இருந்தாள். தக்காளிக் கூடைக்கு நடுவே பஸ்ஸில் நின்றபடி தினமும் வேலைக்கு வந்து போனாள். சீக்கிரமே தனி வூடு பார்த்துக் கூட்டிப் போகிறேன் என்பான். அந்த வூடுதான் இன்னும் அமையவில்லை. ஆகவே தப்பு நேர்ந்தால்தான் புருஷன் முகத்தைப் பார்க்க முடியும். மத்தியானம் ஒரு டிபன் பாக்ஸை ரெண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். சாயங்கால பஸ்ஸுக்கு அவன் கிளம்பிவிடுவான். அந்த ஒரு மத்தியானத்தைக் கெடுப்பானேன் என்று, திட்டு வாங்கியதைப் பற்றி அவள் அவனிடம் மூச்சுவிட்டதில்லை.

பக்கத்து மெஷின் சகாயமேரி சும்மா இருப்பாளா? “புருஷன் வேணும்னா லீவு கேளுடி. புள்ளிய ஏன் முழுங்கறே?” என்பாள்.

லீவா, வெங்கடாசலத்திடமா? அவர் சம்சாரத்துக்கு ராமநாதபுரம் பக்கம் நர்ஸ் வேலை. டிரான்ஸ்ஃபருக்கு நடையாய் நடந்து அவருக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அந்தக் கடுப்பை நம் தலையில் இறக்குகிறார் என்பது சகாயமேரியின் கண்டுபிடிப்பு.

உண்மையில் அஸ்கரி ஒரு புள்ளியைக்கூட விட்டதில்லை. வரி வரியாய்த் திரையில் விரல் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பாள். அப்புறமும் எப்படித்தான் குறைகிறதோ, அவளுக்கே விளங்கவில்லை.

ரம்ஜான் நெருங்கியது. பெருநாளுக்கும் லீவு இல்லை என்று நூர் பாஷா சொல்லியனுப்பினான். அந்த வாரம்தான் வெங்கடாசலம் அந்த மாசத்துக் கடைசி ஃப்ளாப்பியை அவள் கையில் கொடுத்தார். இதிலும் தப்பு வந்தால், தப்புப் பண்ணின ஆள் இனிமேல் இந்த வேலையைத் தொடக்கூடாது என்று கம்பெனி கறாராய்ச் சொல்லிவிட்டதாம்.

அஸ்கரி கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே ஒரு விளக்கம் இருந்தது. உபயோகிப்பவர் திரும்பி வரும்வரை இந்த ஜன்னல் திறந்தே காத்திருக்கும் என்று அதற்கு அர்த்தம். முடிவில் புள்ளி இல்லை.

அஸ்கரி அந்த வரியையே மறுபடி படித்தாள். நானும் இப்படித்தானே காத்துக் கிடக்கிறேன். ஒரே ஒரு புள்ளி. விட்டால் பெருநாளுக்கு அவர் வருவார். வைத்தால் எப்போது வருவாரோ? ஆனால் இந்த வேலையும் போய்விட்டால் தனி வூடு என்பது கனவில்கூட வராது. செய்கிற வேலைக்குத் துரோகம் நினைக்கிறோமே என்று வெட்கமாயும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு புள்ளியை வைத்தாள். ஃப்ளாப்பியை வெங்கடாசலத்திடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

பெருநாளுக்கு முதல் நாள். கையில் ஃப்ளாப்பியோடு நூர் பாஷா சென்டர் வாசலில் நின்றான்.

அவனைப் பார்த்த சந்தோஷம் ஒரு கணம்தான். அடுத்த கணம் அஸ்கரியின் கண் அவன் கையிலிருந்த ஃப்ளாப்பியில் போய் நின்றது.

வெங்கடாசலம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “கடைசிப் பக்கத்துல ஒரு புள்ளி குறையுது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. கரண்ட் வேற இல்ல, இன்னிக்கு ஒண்ணும் ஆவாது. பெருநாள் முடிஞ்சு வந்து போட்டுக் குடுங்க. ரெண்டு பேரும் வூட்டுக்குப் போங்க” என்றார்.

அவர் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டு போகிற வழியெல்லாம் அஸ்கரி அழுதாள். கடைசிப் பக்கத்துப் புள்ளியை என் கையால் வைத்தேன், அல்லா அறிய வைத்தேன், இனி எனக்கு வேலை இல்லை என்று தேம்பினாள்.

நூர் பாஷா ஒன்றும் விளங்காமல் நின்றுவிட்டான்.

“உன் வேலைக்கு என்ன வந்துச்சு? தப்பெல்லாம் பண்றது உங்க சாருதானே?”

“என்ன சொல்றீங்க?”

“உனக்குத் தெரியாதா? தர்மபுரி வெங்கடாசலத்துக்குப் புள்ளி வைக்கத் தெரியாதுன்னு எங்க ஆபீஸே சிரிக்குது. நேத்து டிரங்க் கால்ல அவரு கத்துனது ரூம் முழுக்கக் கேட்டுச்சு. ‘இதையும் நான்தான் பாத்தேன், என் கண்ணு சரியில்ல. இனிமே எல்லாத்தையும் அந்தப் பொண்ணே பாக்கட்டும்’னாரு.”

அஸ்கரி அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

“நல்ல மனுஷன்தான், என்னமோ என்மேல அப்படி ஒரு நம்பிக்கை. ஒவ்வொரு தடவையும் திட்டையெல்லாம் வாங்கிக்கிட்டு, கடைசியில ‘நூர் பாஷாவையே அனுப்புங்க’ன்னுதான் போனை வைப்பாரு.”