பசங்க செஞ்ச மாதிரி

அந்த சர்க்யூட் போர்டின் அவலட்சணத்தைப் பார்த்து கரஸ்பாண்டென்ட் நாகேந்திரனுக்கு உள்ளம் குளிர்ந்தது. ஒயர்கள் கோணல்மாணலாக ஓடின. ஈயம் அங்கங்கே துப்பி வைத்ததுபோல் திரண்டிருந்தது. ஒரு மூலையை இன்சுலேஷன் டேப் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

'என் அண்ணன் மகன்னா அண்ணன் மகன்தான்' என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

பெங்களூரில் கம்பெனி வேலையில் இருக்கும் அண்ணன் மகனிடம் அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "நல்லா வேலை செய்யணும். ஆனா பார்த்தா பசங்க செஞ்ச மாதிரி இருக்கணும், நைனா." வந்த பார்சலைப் பிரிக்காமலே தன் பள்ளி மாணவர்களான ரோஜாவிடமும் யோகேஷிடமும் கொடுத்துவிட்டார். யார் கேட்டாலும் "நாங்களே செஞ்சோம்" என்று சொல்லவும் பழக்கியிருந்தார். போர்டை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறார்.

திருப்பதியில், பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி நடக்கும் காலேஜ் ஹால். மேசைக்கு அந்தப் பக்கம் பரிசோதகர் பத்மினி மேடம். சொந்தமாகச் செய்த போர்டை ரோபோவில் பொருத்தலாம்; ஆனால் அது மோட்டாரை ஓட்டக்கூடாது, மாணவர்களே கைப்படச் செய்திருக்கவேண்டும் என்பது விதி. இந்த மேசையில் தேறாத ரோபோ களத்தில் இறங்க முடியாது.

இறங்கியே ஆகவேண்டும். இங்கே ஜெயித்தால் டெல்லி. அடுத்த மாதம் அட்மிஷன். கங்காதர நெல்லூரிலிருக்கும் நாகேந்திரா இன்டர்நேஷனல் டெக்னோ ஸ்கூலின் பஸ் அதுவரை சித்தூரைத் தாண்டியதில்லை என்றாலும், 'டெல்லி செல்லும் எங்கள் விஞ்ஞானிகள்' என்று பஸ் ஸ்டாண்டில் நேற்றே ஃபிளெக்ஸ் வைத்தாயிற்று. அதில் நாகேந்திரன் கோட்டு போட்டு ஆளுயரத்துக்கு நின்றார். விஞ்ஞானிகள் ஸ்டாம்ப் அளவில் அவர் காலடியில் இருந்தார்கள்.

"மோட்டாரும் இதுலதான் ஓடுதா?" என்றார் பத்மினி.

"இல்ல மேடம். மோட்டாரு நீங்க குடுத்த கிட்டுல ஓடுது. இது தரையில கறுப்புக் கோட்டைப் பாத்து சொல்றதுக்கு மட்டும்" என்றான் யோகேஷ்.

"இந்த கெபாசிட்டர் எதுக்கு?"

"மோட்டாரு ஸ்டார்ட் ஆவசொல்ல கரண்ட் ஆடுது மேடம். கோடு இல்லாத எடத்துல கோடு கீதுன்னு சொல்லிடுது. மொதல்ல சின்னதா போட்டோம், பத்தல" என்றாள் ரோஜா. அவள் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

சூடுபட்டாற்போல் பிளாஸ்திரி வேறா! சொல்லிக்கொடுக்காமலே என்னமாய் நடிக்கிறது என்று நாகேந்திரன் சொக்கிப்போனார்.

பத்மினி பேனாவை மூடினார். "சார், பெரியவங்க செஞ்சு குடுக்கறது, பசங்க தூக்கினு வர்றது, இங்க ஜாஸ்தி ஆயிப்போச்சு. நீங்க சித்தூர் பக்கத்துக்காரரு. காணிப்பாக்கம் விநாயகர் மேல சத்தியம் பண்ணிச் சொல்லுங்க, பசங்கதான் செஞ்சாங்கன்னு. பாஸ் போட்டுடறேன்."

கோர்ட்டில் கூசாமல் புளுகுகிறவன்கூட காணிப்பாக்கம் குளத்தில் முழுகி அந்தச் சந்நிதியில் நின்றால் உண்மையைக் கக்கிவிடுவான். நாகேந்திரனின் மாமா ஒருத்தர் கிணற்றுத் தகராறில் அங்கே பொய்ச் சத்தியம் செய்துவிட்டு வெளியே வந்தவர், சும்மா நின்றுகொண்டிருந்த லாரியில் போய் மோதிக்கொண்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் ரோஜா முந்திக்கொண்டாள். "காணிப்பாக்கம் புள்ளையார் சத்தியமா நாங்கதான் செஞ்சோம் மேடம்!"

"சத்தியமா மேடம்!" என்று யோகேஷ் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பத்மினி முத்திரையைக் கையில் எடுத்தார்.

நாகேந்திரனுக்கு வியர்த்துக் கொட்டியது. சின்னப் பிள்ளைகளைப் பிள்ளையார் மன்னித்துவிடுவார். சொல்லிக்கொடுத்தவனைத்தான் தேடிக்கொண்டு வருவார். சித்தூர் போகும் வழியெல்லாம் லாரிகள்!

"குத்தாதீங்க மேடம்!" என்று அலறினார். "அது பொய் சத்தியம்! போர்டு என் அண்ணன் மகன் பெங்களூர்ல செஞ்சி அனுப்பினது. இதுங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். புள்ளையாரப்பா, ஒத்துக்கினேன்பா!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. வாழ்க்கையில் முதன்முறையாக, அதுவும் மைக் இல்லாமல், நாலு பேர் நடுவில் உண்மை பேசியதில் நாகேந்திரனுக்கு மனசு லேசாகிவிட்டது. கண்கூடக் கலங்கியது.

பத்மினி முத்திரையைக் கீழே வைத்தார். "அவுனாம்மா? உங்க சார் சொல்றது நிஜமா?"

ரோஜா பையைத் திறந்தாள். பாதி கருகிப்போன பச்சை போர்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, நாகேந்திரனைப் பாவமாகப் பார்த்தாள்.

"பெங்களூர் போர்டு மொத நாளே பொகைஞ்சி போச்சி சார், நீங்க திட்டுவீங்கன்னு பயந்துக்கினுதான் நாங்களே வேற செஞ்சோம்!"